இயந்திரம் ஏறாத புல்லுக்கு எது ஏற்றது: ஸ்ட்ரிம்மரா, கையரிவாளா, நெட்டரிவாளா?

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் வட்டாரத்தில், ஸ்ட்ரௌட் நகரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் வீடு வாங்குகிறவர் வீட்டோடு ஒரு சரிவையும் சேர்த்தே வாங்குகிறார். எங்கள் வீட்டின் பின்புறத்தில் சமதளம் என்று சொல்லத்தக்கது துணி உலர்த்தும் இடம் மட்டுமே. அதற்கு மேலே மூன்று ஆப்பிள் மரங்கள் நிற்கும் சரிவு, சரிவின் ஓரமாக மழைநீர் இறங்கும் குறுகிய வாய்க்கால், அது வந்து சேரும் சிறு குட்டை, அண்டை வீட்டாரின் மேய்ச்சல் நிலத்திலிருந்து எங்களைப் பிரிக்கும் கம்பி வேலி என எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 300 சதுர மீட்டர் இருக்கும். சக்கரம் வைத்த புல்வெட்டும் இயந்திரம் இந்த இடத்தில் எதற்கும் உதவாது. அந்த இயந்திரத்தை உருவாக்கி 1830இல் காப்புரிமை பெற்ற எட்வின் பட்டிங், இதே ஸ்ட்ரௌட்டை அடுத்த த்ரப் என்னும் சிற்றூரில் வேலை பார்த்தவர் என்பதும், இப்பள்ளத்தாக்கின் கம்பளி ஆலைகளில் துணியின் மேல்மயிரைச் சீராகக் கத்தரித்த உருளைக் கத்தியிலிருந்தே அவருக்கு அந்த யோசனை பிறந்தது என்பதும், இந்தச் சரிவில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கும்.

இத்தகைய இடங்களுக்கு எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்வி வீட்டோடு தோட்டமும் வாய்த்த தமிழர் பலருக்கும் வருகிறது. பெரும்பாலோர் கடைக்குச் சென்று, சுழலும் நைலான் நரம்பால் புல் வெட்டும் ஸ்ட்ரிம்மர் ஒன்றை வாங்கிக்கொண்டு கேள்வியை முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று கோடைகளில் மூன்று கருவிகளையும் இதே நிலத்தில் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு எனக்குப் பட்டதை, எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்ற நோக்கில் இங்கே எழுதுகிறேன். சக்கரமின்றிக் காற்றில் மிதப்பதும், கயிறு கட்டிச் சரிவில் இறக்கி இழுப்பதுமான ஹோவர் வகை இயந்திரத்தை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. கணுக்கால் அளவுக்கு வளர்ந்த புல்லுக்கே அது திணறும், ஈரமான சரிவில் அதைக் கயிற்றில் ஊசலாட விடுவதும் அறிவுடைமை ஆகாது.

முதலில் பெயரைத் தெளிவாக்கிவிட வேண்டும். சைத் என்று இங்கே அழைக்கப்படும் கருவி, ஆளுயரக் காம்பின் அடியில் கைநீளத்துக்கு வளைந்த அலகு பொருத்தப்பட்ட அரிவாள். நின்றபடியே இரு கைகளாலும் பிடித்து, தரையோடு தரையாக வலமிருந்து இடமாக வீசி அறுப்பது. நம் வயல்களில் இது புழங்காததால் இதற்கு ஊன்றிய தமிழ்ப் பெயர் இல்லை. இக்கட்டுரையில் இதை நெட்டரிவாள் என்றும், ஊரில் நாம் கதிரறுக்கும் சிறிய அரிவாளைக் கையரிவாள் என்றும் குறிப்பிடுகிறேன்.

தேர்வைத் தீர்மானிப்பது நிலத்தின் வடிவம் என்றுதான் நானும் முதலில் எண்ணியிருந்தேன். உண்மையில் புல்லின் உயரமும், அறுத்த புல்லை என்ன செய்யப்போகிறோம் என்பதுமே அதைவிட முக்கியமானவை. இயந்திரம் போகாத இடத்தில் யாரும் வாரந்தோறும் புல் வெட்டுவதில்லை. ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறைதான் வெட்டுகிறோம். ஆகவே வெட்டப் போகும்போது புல் முழங்கால் உயரத்தைத் தாண்டி, பூத்து, சில இடங்களில் மழைக்குச் சாய்ந்தும் கிடக்கும். மே மாதத்தில் புல்லை வெட்டாமல் பூக்க விடுங்கள் என்று பிளான்ட்லைஃப் என்னும் தாவரப் பாதுகாப்பு அமைப்பு சில ஆண்டுகளாக வேண்டுகோள் விடுத்து வருகிறது; அதைக் கேட்டு மகிழ்ச்சியோடு விட்டுவைத்தவர்கள் ஜூன் மாதத்தில் அந்தக் காட்டைப் பார்த்துத் திகைத்து நிற்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

ஸ்ட்ரிம்மரின் வேலைமுறை எளியது. நீண்ட தண்டின் நுனியில் நைலான் நரம்பு மிக வேகமாகச் சுழன்று புல்லை அடித்துத் துண்டாக்குகிறது. அதற்குக் கூர்மை தேவையில்லை, பழக்கமும் பெரிதாகத் தேவையில்லை. கடையிலிருந்து கொண்டுவந்த அன்றைக்கே வேலையை முடித்துவிடலாம் என்பது அதன் மிகப் பெரிய நன்மை. கல் இருந்தாலும், கம்பி இருந்தாலும், சுவர் இருந்தாலும் நரம்புதான் தேயுமே தவிரக் கருவிக்கு ஒன்றும் ஆகாது. பெட்ரோலில் ஓடும் பெரிய வகையில் நரம்புக்குப் பதிலாக உலோகத் தகட்டைப் பொருத்தினால், தண்டு முற்றிய பிளாக்பெர்ரி முட்புதரையும் சாய்த்துவிடலாம். இரண்டு மூன்று ஆண்டுகள் யாரும் தொடாத நிலத்தை முதன்முதலாகத் திருத்துவதற்கு இதற்கு இணையான கைக்கருவி இல்லை என்பதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன்.

குறைகள் வேலை முடிந்த பிறகே தெரிகின்றன. ஸ்ட்ரிம்மர் புல்லை அறுப்பதில்லை, சிதறடிக்கிறது. விரல் நீளத் துணுக்குகளாக எல்லாத் திசையிலும் தெறித்துக் கிடப்பதை வாருகோலால் அள்ளுவது இயலாத வேலை. அள்ளாமல் விட்டால் அது அங்கேயே மட்கி மண்ணுக்கு உரமாகிறது. காய்கறிப் பாத்திக்கு அது நல்லது, பூக்கள் நிறைந்த புல்வெளிக்குத் தீங்கு. மண் கொழுக்கக் கொழுக்க முரட்டுப் புல்லும் நெட்டில் என்னும் சொறிச்செடியும் தழைத்து, மெல்லிய பூச்செடிகளை அமுக்கிவிடுகின்றன. பிரிட்டனில் 1930களுக்குப் பிறகு இயற்கையான பூம்புல்வெளிகளில் 97 விழுக்காடு அழிந்துவிட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. வீட்டுச் சரிவில் ஒரு கைப்பிடி அளவாவது அதை மீட்க விரும்புகிறவர், அறுத்த புல்லை முழுவதுமாக அகற்றியாக வேண்டும். நீளத் தாள்களாக அறுத்துப் போடும் கருவியால்தான் அது கைகூடும்.

இரண்டாவது குறை மரங்களுக்கு நேர்வது. இளமரத்தின் அடியில் புல்லை ஒட்ட வெட்ட முயலும்போது நைலான் நரம்பு பட்டையையும் சேர்த்து உரித்துவிடுகிறது. பட்டை மரத்தைச் சுற்றி முழு வளையமாக உரிந்தால் இலையிலிருந்து வேருக்குச் செல்லும் உணவு தடைப்பட்டு மரம் பட்டுப்போகும். எங்கள் மூன்று ஆப்பிள் மரங்களில் இளையதன் அடிப்பட்டையில் பாதியளவுக்கு இருக்கும் வடு என் முதல் கோடையின் நினைவு. மரம் பிழைத்துக்கொண்டது, ஆனாலும் மற்ற இரண்டைப் போல அது இன்னும் காய்க்கவில்லை. மூன்றாவது, நீண்ட புல்லுக்குள் பகலில் உறங்கும் உயிரினங்கள். முள்ளெலி ஆபத்தைக் கண்டு ஓடுவதில்லை, சுருண்டுகொள்கிறது. சுழலும் நரம்புக்கு முன்னால் சுருண்டுகொள்வது அதற்குப் பாதுகாப்பாக அமையாது. வெட்டும் முன் புல்லைக் கையால் விலக்கிப் பார்க்குமாறு பிரிட்டிஷ் ஹெட்ஜ்ஹாக் பிரிசர்வேஷன் சொசைட்டி தொடர்ந்து வலியுறுத்துகிறது. குட்டையின் ஓரத்தில் தவளைகளுக்கும் இதே நிலைதான்.

அதிர்வைப் பற்றியும் ஒரு சொல். பிரிட்டனில் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி, தொழிலாளியின் கைகளுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக வரும் அதிர்வு 2.5 m/s² என்ற அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 m/s² அளவைத் தாண்டவே கூடாது. வீட்டுக்காரருக்கு இந்த விதி பொருந்தாது, ஆயினும் கைக்கு விதி தெரியாது. பெட்ரோல் ஸ்ட்ரிம்மரோடு ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் விரல்கள் தாமாகவே நடுங்கும். மின்கலத்தில் ஓடும் வகை இந்த அளவுக்கு மோசமில்லை, சத்தமும் குறைவு. இன்று புதிதாக வாங்குகிறவருக்குப் பெட்ரோல் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கையரிவாளை நான் நாடியது ஒருவகை ஊர்ப்பற்றால். தஞ்சை மாவட்டத்து அறுவடையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, புல்லறுக்க அரிவாளை விட்டால் வேறு எது என்ற எண்ணம் இயல்பாகவே வரும். ஊரிலிருந்து ஒரு கருக்கரிவாளைக் கொண்டுவந்து ஒரு மாலை முழுவதும் குந்தியிருந்து அறுத்துப் பார்த்தேன். கருக்கரிவாள் நெல்லுக்கென்றே அமைந்த கருவி: இடக்கை ஒரு பிடித் தாளைச் சேர்த்துப் பற்ற, வலக்கை பல் பதிந்த வாயைத் தன்னை நோக்கி இழுக்க, தாள் அறுபடுகிறது. நெல் நிமிர்ந்து வரிசையாக நிற்கும், பிடிக்குள் அடங்கும். இங்குள்ள காட்டுப்புல் சாய்ந்து, பின்னிக் கிடக்கும்; அதற்குள் நெட்டிலும் பிளாக்பெர்ரிக் கொடியும் ஒளிந்திருக்கும். இடக்கையால் பிடிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் கை கொப்பளிக்கிறது. தடித்த கையுறையோடு அறுத்தாலும் ஒரு மணி நேரத்தில் இருபது சதுர மீட்டரைக் கடக்க என்னால் முடியவில்லை. மறுநாள் இடுப்பு என்னுடையதாக இல்லை.

ஆயினும் கையரிவாளை ஒதுக்கிவிடவில்லை. சுவரோரம், படிக்கட்டின் இடுக்கு, குட்டையின் விளிம்பில் ஐரிஸ் செடிகளுக்கு நடுவே முளைத்த புல் ஆகியவற்றுக்கு அதைவிடக் கட்டுப்பாடான கருவி வேறில்லை. எதை அறுக்கிறோம், எதை விடுகிறோம் என்பதைக் கண் பார்த்தே கை செய்கிறது. மொத்தப் பரப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மட்டும் அது போதுமானது. அந்தப் பங்குக்கு மற்ற இரண்டுமே ஆகாது.

இனி நெட்டரிவாள். இதன் சிறப்பு முழுவதும் ஒரே ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது: அலகு புல்லை வெட்டுவதில்லை, சீவிச் செல்கிறது. வாள் ஓங்குவதைப் போல ஓங்கி அடித்தால் புல் தலைகுனிந்து வழிவிட்டு, பிறகு நிமிர்ந்துகொள்ளும். அலகின் அடிப்பக்கம் தரையிலேயே வழுக்கிக்கொண்டு, வில்லின் வளைவைப் போன்ற பாதையில் போக வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் விரற்கடை அளவு புதிய புல் மட்டுமே வாய்க்குள் வர வேண்டும். விசை தோளிலிருந்து வருவதன்று, இடுப்பைத் திருப்புவதிலிருந்து வருவது. கருவியின் எடையைப் பெரும்பாலும் தரையே தாங்குவதால், முறை தெரிந்தவருக்கு இது களைப்பூட்டும் வேலையாக இருப்பதில்லை. ஒரு நாளில் ஒரு ஏக்கர் என்பதே பழைய காலத்து ஐரோப்பிய அறுப்பாளருக்கு வழக்கமான கணக்கு. ஓர் ஏக்கர் என்பது 4,000 சதுர மீட்டருக்குச் சற்று மேல். என்னுடைய 300 சதுர மீட்டருக்கு இன்றும் இரண்டு காலைப்பொழுதுகள் ஆகின்றன என்பதிலிருந்து எனக்கும் அவர்களுக்கும் உள்ள தொலைவை வாசகர் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

காலைப்பொழுது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பனி படிந்த புல் எடை கூடி அசையாமல் நிற்பதால் அலகுக்கு எளிதாக அடங்குகிறது. வெயிலேறிக் காய்ந்த புல் கம்பியைப் போல வளைந்து நழுவுகிறது. ஸ்ட்ரிம்மருக்கு நிலைமை நேர்மாறு: ஈரப்புல் அதன் தலையில் சுற்றிக்கொண்டு அடைத்துவிடும். ஜூன் மாதத்தில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் எந்த மோட்டாரையும் ஓட்ட முடியாது. நெட்டரிவாளின் சீறல் சத்தம் அடுத்த அறையில் உறங்குகிறவரையும் எழுப்பாது. வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் அறுத்துவிட்டுக் குளித்துக் கிளம்பலாம் என்பது, வார இறுதி மட்டுமே கிடைக்கிற ஸ்ட்ரிம்மர்க்காரருக்கு வாய்க்காத வசதி.

இடம் இடமாகப் பார்த்தால், சரிவில்தான் இதன் மேன்மை தெளிவாகத் தெரிகிறது. சரிவின் குறுக்கே, பள்ளம் என் இடக்கைப் பக்கம் இருக்கும்படி நடப்பேன். வீச்சு இடப்புறம் முடிவதால் அறுபட்ட புல் கீழ்ப்பக்கம் சரிந்து ஒரே வரிசையாக விழுகிறது. ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் எந்த வண்டியும் ஏறாத வைக்கோல் நிலங்களை இன்றும் இதைக் கொண்டு அறுக்கிறார்கள் என்பது சரிவுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதற்குச் சான்று. மரத்தடியில் அலகின் முனையை மரத்தை ஒட்டி வைத்து, மரத்தை விட்டு விலகும் திசையில் குட்டையாக வீச வேண்டும்; பட்டையில் படாமல் ஒரு விரல் இடைவெளியில் அறுத்துவிடலாம். வாய்க்காலில் கரையில் நின்றபடியே எதிர்க்கரை வரை எட்டும். குட்டை ஓரத்தில் வேகம் முழுக்க என் கையில் இருப்பதால், புல் அசைவதைக் கண்டு நிறுத்தித் தவளையைத் தாண்ட விட முடிகிறது. அலகு எந்த உயிரையும் காயப்படுத்தாது என்று சொல்ல மாட்டேன். நிறுத்துவதற்கு நேரம் கிடைக்கிறது என்பதுவரைதான் சொல்ல முடியும்.

கம்பி வேலியிடம் நெட்டரிவாள் தோற்றுவிடுகிறது. புல்லுக்குள் மறைந்திருக்கும் ஒரு துருப்பிடித்த கம்பி, அதுவரை தீட்டிய கூர் முழுவதையும் ஒரே வீச்சில் பறித்துவிடும். விளிம்பில் பல் விழும், சில வேளை கிழியும். எங்கள் ஊர் அமைந்த காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியின் மண்ணில் எங்கு தோண்டினாலும் சுண்ணாம்புக்கல் தலைகாட்டும் என்பதும், மோல் என்னும் அகழெலி எழுப்பும் மண்மேடுகளும் இந்தக் கருவிக்குப் பகை. மார்ச் மாதத்தில் புல் குட்டையாக இருக்கும்போதே ஒரு முறை நடந்து, கல்லைப் பொறுக்கி, மண்மேட்டைக் கலைத்துவிட்டால் ஜூனில் துன்பம் குறையும். தண்டு முற்றிய முட்புதருக்கென்று குட்டையும் தடிப்புமான தனி அலகு உண்டு. அதுவும் விரல் தடிப்பைத் தாண்டிய தண்டுக்கு ஆகாது. மட்டமாக வெட்டிய புல்தரையின் ஓரத்தை அழகுபடுத்தவும் இது உகந்ததன்று. குட்டைப் புல்லை அறுக்க மிக உயர்ந்த கூரும் கைத்திறனும் வேண்டும். இயந்திரம் வருவதற்கு முன் பெருமாளிகைகளின் புல்தரைகளை அப்படி அறுக்க ஆட்கள் இருந்தார்கள். நாம் அவர்கள் இல்லை.

இந்தக் கருவியை எடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டிய இடம், என் மதிப்பீட்டில், கூர்தீட்டல்தான். வீசக் கற்பதற்கு ஒரு வாரம் போதும். தீட்டக் கற்பதற்கு ஒரு கோடை முழுவதும் ஆயிற்று. இதில் இரண்டு படிகள் உள்ளன. முதலாவது, அறுக்கும்போதே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்று, இடுப்பில் தொங்கும் நீருறையிலிருந்து படகு வடிவக் கல்லை எடுத்து, அலகின் அடியிலிருந்து முனைவரை இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுப்பது. முற்காலத்தில் மாட்டுக்கொம்பைக் குடைந்து அந்த உறையைச் செய்தார்கள். இது எளிது, மூச்சு வாங்கிக்கொள்ளவும் உதவும். இரண்டாவது படி, பல மணி நேர அறுப்புக்கு ஒரு முறை விளிம்பையே சுத்தியலால் தட்டி மெலிதாக்குவது. நம் ஊர்க் கொல்லர் கொழுவை உலையில் காய்ச்சித்தான் அடிப்பார். இங்கே நெருப்பே இல்லை. சிறிய பட்டடையின் மேல் அலகின் ஓரத்தை வைத்து, ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும், குளிர்ந்த இரும்பையே சிறு சிறு அடிகளால் வெளிப்புறமாக நகர்த்த வேண்டும். சரியாகத் தட்டிய விளிம்பைப் பெருவிரல் நகத்தின் மேல் வைத்து மெல்ல அழுத்தினால் அந்த இடம் மட்டும் சற்று வளைந்து கொடுப்பது கண்ணுக்குத் தெரியும்.

அடி பலமானால் விளிம்பு நீண்டு, அலை அலையாக நெளிந்துவிடும். பிறகு அதைச் சரிசெய்வது கடினம். என் முதல் அலகு அப்படித்தான் பாழாயிற்று. அதன் பிறகே, அடிக்கும் இடத்தை இம்மி பிசகாமல் காட்டும் குப்பி வடிவக் கருவி ஒன்று விற்கிறது என்பதை அறிந்தேன். ஒரு குத்துக்காலின் மேல் உலோகத் தொப்பியைச் செருகி, இடையில் அலகை நுழைத்து, தொப்பியின் தலையில் தட்டினால் போதும். முதல் தொப்பி ஒரு படி, இரண்டாம் தொப்பி அடுத்த படி. புதிதாகத் தொடங்குகிறவர் பெருமை பாராமல் இதையே வாங்கிக்கொள்ள வேண்டும். சுத்தியும் கல்லும் எடுக்கப் பொறுமையில்லாதவர் நெட்டரிவாளை வாங்காமல் இருப்பதே நல்லது; மழுங்கிய நெட்டரிவாளைவிட மோசமான தோட்டக் கருவியை நான் கண்டதில்லை. இக்கருவியைத் தொட்டுவிட்டு முதுகு வலிக்கிறது என்று பரணில் போட்டவர்களில் பெரும்பாலோர் கூரில்லாத அலகோடு போராடியவர்கள் என்றே நினைக்கிறேன். காயம் படுவதும் வீசும்போதன்று, தீட்டும்போதுதான் மிகுதி. கல் பிடித்த கையின் பெருவிரல் விளிம்புக்கு மேலே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்குகிறவருக்கு அடுத்து வரும் தேர்வு, ஆங்கில வகையா ஆஸ்திரிய வகையா என்பது. ஆங்கில வகையின் அலகு, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே எஃகை வைத்து ஒட்டி அடித்த கனமான பொருள். அதைச் சுத்தியால் தட்டுவதில்லை, சாணையில்தான் தீட்ட வேண்டும். காம்பு நீராவியில் வளைத்த ஆஷ் மரம். ஷெஃபீல்டு நகரின் அபேடேல் பட்டறைகளில் நீர்ச்சக்கரத்தால் இயங்கிய சம்மட்டிகளின் கீழ் இத்தகைய அலகுகள் செய்யப்பட்டன. அவ்விடம் இன்று அருங்காட்சியகம். அங்கே மூசை என்னும் மண்கலத்தில் எஃகு உருக்கிய உலையைப் பார்த்தபோது, மூசை எஃகுக்குப் பழங்காலத்திலேயே பெயர் பெற்றிருந்த கொங்கு நாட்டுக் கொடுமணல் நினைவுக்கு வந்ததைத் தவிர்க்க முடியவில்லை. பழைய ஆங்கில நெட்டரிவாள்கள் இங்குள்ள ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும். அழகுக்காகச் சுவரில் மாட்டலாம். பெரும்பாலானவற்றின் எஃகு தேய்ந்து தீர்ந்துபோயிருக்கும், காம்பும் வேறொருவரின் உயரத்துக்குச் செய்ததாக இருக்கும்.

ஆஸ்திரிய வகையின் அலகு ஒரே எஃகால் ஆனது, மெல்லியது, முழுவதும் சம்மட்டியால் அடித்து வளைவு கொடுத்தது; ஆகவேதான் குளிர்நிலையில் தட்டி மெலிதாக்க இடம் கொடுக்கிறது. மேல் ஆஸ்திரியாவின் ரோஸ்லைத்தன் என்னும் ஊரில் உள்ள ஷ்ரோக்கன்ஃபுக்ஸ் நிறுவனம் தன் தொடக்கத்தை 1540ஆம் ஆண்டுக்குக் கொண்டுசெல்கிறது. காம்பு எடை குறைந்தது, கைப்பிடிகளை அவரவர் உடலுக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். கீழ்க்கைப்பிடி நிமிர்ந்து நிற்பவரின் இடுப்பு மூட்டு உயரத்தில் இருக்க வேண்டும். மேல்கைப்பிடி அதிலிருந்து ஒரு முழம் தள்ளி. இந்த அளவை விளக்க ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, முழம் என்ற ஒற்றைச் சொல் நம்மிடம் இருப்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன். தோட்டத்தின் இடுக்குகளுக்கு வாங்குகிறவருக்கு ஆஸ்திரிய வகையே ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும், தகட்டிலிருந்து வெட்டி எடுத்த அலகை இரும்புக் குழாய்க் காம்பில் பொருத்திய வகையை எந்தக் காரணத்துக்காகவும் வாங்க வேண்டாம்.

அலகின் நீளத்தில் பேராசை கூடாது. 75 செ.மீ., 85 செ.மீ. அலகுகள் திறந்த வைக்கோல் நிலத்துக்கானவை. மரமும் கரையும் வேலியும் உள்ள இடத்தில் அவற்றின் முனை எங்காவது குத்திக்கொண்டே இருக்கும். நான் வைத்திருப்பது 60 செ.மீ.; இன்று புதிதாக வாங்குவதாயிருந்தால் 55 செ.மீ. அலகையே எடுப்பேன். அலகுகள் பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்கெனச் செய்யப்படுபவை என்பதை இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். இரு கைகளும் பங்கெடுக்கும் வேலையாதலால் வலப்பக்கக் கருவியையே அவர்களும் பழகிக்கொள்ள முடியும். பிரிட்டன், அயர்லாந்து ஆகிய நாடுகளின் நெட்டரிவாள் சங்கம் பயிற்றுநர்களைக் காட்டித்தருகிறது. ஒரு நாள் பயிற்சிக்குச் செலவிடும் தொகை, பாழாகும் முதல் அலகின் விலையை மிச்சப்படுத்தும். நான் பயிற்சிக்குப் போனது இரண்டாம் ஆண்டில்தான். காம்புக்கும் அலகுக்கும் இடையிலான கோணத்தைத் தவறாக வைத்துக்கொண்டு ஓராண்டு முழுவதும் தேவையில்லாமல் வியர்த்திருக்கிறேன் என்பது அன்று முதல் அரைமணி நேரத்திலேயே விளங்கிவிட்டது.

செலவில் பெரிய வேறுபாடு இல்லை. பயிற்சி நீங்கலாக, அலகு, காம்பு, கல், தட்டும் கருவி எல்லாம் சேர்த்து எனக்கு 200 பவுண்டை ஒட்டி ஆனது. ஓரளவு நல்ல மின்கல ஸ்ட்ரிம்மரும் அதே அளவில்தான் வருகிறது. பின்னர் ஆகும் செலவுதான் மாறுகிறது. ஸ்ட்ரிம்மருக்கு நரம்பு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், தேய்ந்த நரம்பு நுண்ணிய நெகிழித் துணுக்காக உங்கள் மண்ணிலேயே தங்குகிறது, சில ஆண்டுகளில் மின்கலமும் ஓய்ந்துவிடும். நெட்டரிவாளுக்குத் தேய்வது கல் மட்டும். ஆனால் நெட்டரிவாள் உங்கள் நேரத்தைத் தவணை தவணையாகக் கேட்கும். பிப்ரவரியில் எண்ணெய் பூச, மே மாதத்தில் தட்ட, ஒவ்வோர் அறுப்புக்கும் முன்னால் விளிம்பைத் தடவிப் பார்க்க. குழந்தைகள் உள்ள வீட்டில், உறையிட்டு உயரத்தில் பூட்டி வைக்கும் இடமும் வேண்டும்.

ஆகவே என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது அவர்களின் நிலத்தைப் பொறுத்து மாறுகிறது. இயந்திரம் எட்டாத பரப்பு ஒரு கார் நிறுத்தும் அளவுக்குள் இருந்தால், ஒரு கையரிவாளும் முழங்காலுக்கு ஒரு மெத்தையும் போதும். பரப்பு பெரிதாக இருந்து, கல்லும் கம்பியும் கட்டடக் குப்பையும் புதைந்த புதிய குடியிருப்பு நிலமானால், அல்லது ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், மின்கல ஸ்ட்ரிம்மரைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். முழங்கால் உயரப் புல், சரிவு, பழமரங்கள், அறுத்ததை வாரி மட்குக் குவியலில் சேர்க்கும் எண்ணம், வாரத்தில் இரண்டு காலைகள் ஆகிய இவை அமைந்தவர் நெட்டரிவாளை எடுத்துக்கொள்ளலாம். முதுகில் ஏற்கெனவே நோயுள்ளவர் மருத்துவரைக் கேட்ட பிறகே இந்தச் சுழற்சியில் இறங்க வேண்டும், அது இடுப்புக்கு இதமானது என்று யார் சொன்னாலும்.

எங்கள் நிலத்தில் மூன்றுக்கும் இப்போது பங்கு பிரித்தாயிற்று. சரிவும் மரத்தடியும் வாய்க்காலும் நெட்டரிவாளுக்கு, ஜூலை இறுதியில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை. முதல் அறுப்பை ஜூலை வரை தள்ளுவது, யெல்லோ ராட்டில் என்னும் செடி விதை உதிர்க்கட்டும் என்பதற்காக. புல்லின் வேரில் ஒட்டி அதன் சாற்றை உறிஞ்சும் அந்தச் செடி புல்லின் முரட்டு வளர்ச்சியைத் தணித்துப் பூக்களுக்கு இடம் தருகிறது. அறுத்த புல் இரண்டு மூன்று நாள் அங்கேயே வரிசையாகக் கிடந்து காய்ந்து, தன் விதையையும் உதிர்த்த பின் வாரி எடுக்கப்படுகிறது. படிக்கட்டும் குட்டை விளிம்பும் ஊர் அரிவாளுக்கு. கம்பி வேலியின் அடியில் உள்ள பதினைந்து மீட்டர் நீளத்துக்கு மட்டும், பெட்ரோல் ஸ்ட்ரிம்மரை விற்றுவிட்டதால், அண்டை வீட்டாரின் மின்கல ஸ்ட்ரிம்மரை ஆண்டுக்கு இரண்டு முறை இரவல் வாங்குகிறேன். அதற்கு ஈடாக, அவருடைய தேனீப் பெட்டிகளைச் சுற்றி வளர்ந்திருக்கும் புல்லை, மோட்டார் சத்தத்தையும் அதிர்வையும் தேனீக்கள் பொறுப்பதில்லை என்பதால், விடியற்காலையில் நெட்டரிவாளால் அறுத்துக் கொடுக்கிறேன்.